சிரித்துக்கொண்டே பாடிய பாட்டு

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஓர் இடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருந்த வயதில் அண்ணன் வைத்தது. பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. பிற்பாடு ரெக்கார்டு கம்பெனி, கேசட் உறையில் போடுவதற்காக இன்னொரு பெயரைக் கண்டுபிடித்தது. அந்த இரண்டில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள். வாலு என்றால் உடனே திரும்புவாள்.

அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. அம்மா, அவள் பள்ளி முடித்த வருடம் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அப்பா, அம்மா, சமையல்காரன், காவல்காரன் எல்லாம் அண்ணன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி அடுக்குமாடிகளில் அவன் கைபட்ட லிஃப்ட்தான் ஓடியது. "நான் தூக்கி விடாத பெரிய மனுஷன் இந்த ஊர்ல எவனும் கிடையாது" என்று பெருமையடித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிதாரை எடுத்து வைத்துக்கொள்வான். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. அவனுக்குப் பாட்டு கட்டவும் வந்தது. பெரும்பாலும் கிண்டல் பாட்டுகள். மாடி வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அந்த வீட்டுக்காரரே அதை விரும்பிக் கேட்பார், தன்னைப் பற்றியது என்று தெரியாமல்.

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. துவைத்த விரிப்புகளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். அடுத்த பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். கொஞ்சம் அசந்தால் விரல் வெந்துவிடும். இயந்திரச் சத்தத்தில் எதிரே நிற்பவள் பேசுவதே காதில் விழாது, ஆனால் இவள் பாடினால் மட்டும் அறையின் கடைசி வரை கேட்கும். கத்திப் பாட மாட்டாள். கூட்டத்துக்குள் யாரையும் இடிக்காமல் நுழைந்து போகிற ஆளைப் போல அந்தக் குரல் சத்தத்துக்கு நடுவில் புகுந்து போகும்.

அண்ணனும் அவனுடன் வேலை செய்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பாடுவது அண்ணன்தான். அவள் பக்கத்தில் நின்று கூடச் சேர்ந்து பாடுவாள். தாளம் தப்பிவிடுமோ என்று பயம் வந்தால் அண்ணனின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே பாடுவாள். அவனுடைய சட்டைகளில் எல்லாம் வலது தோளுக்குக் கீழே துணி கொஞ்சம் நைந்திருக்கும் என்று அண்ணி கேலி செய்வாள்.

அண்ணி வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வாய்க்காரி, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத வாய். நாத்தனாரும் அவளும் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். வீட்டில் சண்டை வந்தால் அண்ணன்தான் தனியாக நிற்பான். "ரெண்டு பேரும் ஒரு கட்சி. நான் எங்க போய் ஓட்டு கேக்குறது?" என்பான்.

ஒரு கம்பெனி விழாவில்தான் அந்த ஆள் அவளைக் கேட்டார். ரெக்கார்டு கம்பெனியில் பாட்டுகளைத் தயாரிக்கிறவர். ஸ்டுடியோ ஏசியில் வருடக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் காலத்தில்கூடக் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். எல்லோரும் அவரை மஃப்ளர் என்றே சொன்னார்கள், அவர் முன்னாலும்கூட. விழா முடிந்து இவர்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணை ஸ்டுடியோவுக்கு அனுப்புங்க. ஒரு பாட்டு எடுத்துப் பாக்கலாம்."

"நாங்க நாலு பேரு சார்" என்றாள் அவள்.

"எனக்கு ஒருத்தர் போதும்மா."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். மஃப்ளர் சொன்னது அவனுக்கு உறைத்தது. டிரம்ஸ்காரன் முகம் வாடியதையும் பார்த்தான். ஆனால் ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டான்.

"போ வாலு. என் மூஞ்சியை அட்டையில போட்டா எவன் வாங்குவான்? கடைக்காரன் திருப்பி வெச்சுதான் விப்பான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மாட்டேன் என்றாள். அவன் இல்லாமல் பாடியதே இல்லை என்றாள். "பாடினா என் முதுகு கூடவா வரும்? தொடையில தட்டிக்கோ" என்றான். அண்ணிதான் கடைசியில் முடித்து வைத்தாள். "இந்தக் குடும்பத்துல ஒருத்தராவது பகல் வெளிச்சத்துல வேலை பாக்கட்டுமே. அவர் லிஃப்ட் குழிக்குள்ள, நீ நிலவறையில." ஸ்டுடியோவுக்கும் ஜன்னல் கிடையாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் பாட்டு வெளியே வந்தது தெரியாமலே போனது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ரேடியோவில் அந்த வாரத்தின் நாற்பது பாட்டுகளைக் கடைசியிலிருந்து முதல் வரை வரிசையாகப் போடுவார்கள். நகரமே கேட்கும். அண்ணன், அண்ணி, அவள் மூவரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து நாற்பதாவதிலிருந்து முதலாவது வரை கேட்டார்கள். அவள் பாட்டு எங்கேயும் இல்லை. "நாற்பத்தொண்ணாவதா இருக்கும், நேரம் பத்தாம விட்டுட்டான்" என்றான் அண்ணன். இரண்டாவது பாட்டு முப்பத்தேழில் ஒரே ஒரு வாரம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது. மூன்றாவதும் ஓடவில்லையென்றால் சலவை அறைக்கே திரும்பிவிடலாம் என்று மஃப்ளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாவது பாட்டை அண்ணன் கட்டினான். கம்பெனி கொடுத்த ஹைஹீல்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு நிகழ்ச்சியில் பாடிவிட்டு, கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணி வெந்நீரில் அவள் காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்க, அண்ணன் கிதாரோடு சுவரில் சாய்ந்தபடி முனக ஆரம்பித்தான். புதுச் செருப்பு கடிக்கிறது, புது மாப்பிள்ளை முறைக்கிறான், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஆடு என்று போகிற பாட்டு. அண்ணனின் ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து அந்தச் செருப்பையே வாயில் வைத்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் மஃப்ளர் அந்த மெட்டைக் கேட்டுவிட்டு முதன்முறையாக மஃப்ளரைத் தளர்த்தினார்.

பதிவு நாளன்று அண்ணன் சீக்கிரமே கிளம்பிப் போனான். ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை. முடித்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு நின்றாள். அந்தப் பக்கம் மஃப்ளரும் ஒலிப்பதிவாளரும். அவர்கள் பேசுவது, அவர்கள் பொத்தானை அழுத்தினால்தான் இவளுக்குக் கேட்கும். இல்லையென்றால் வாய் மட்டும் அசைவது தெரியும்.

பாட்டு சுமாராக வந்துகொண்டிருந்தது. ஒரு டேக்கின் நடுவில் மஃப்ளர் போனை எடுப்பதைப் பார்த்தாள். எழுந்து நின்றார். அவளைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசினார். போனை வைத்தபோது முகம் செத்துப் போயிருந்தது. அவள் பாடுவதை நிறுத்தினாள். பொத்தானை அழுத்தி, "ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை போகலாம்" என்றார்.

பாட்டுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதுவும் போச்சு, இனி உருளை இயந்திரம்தான் என்று நினைத்தாள். அண்ணன் வருவதற்குள் எப்படியாவது ஒழுங்காகப் பாடிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. ஹைஹீல்ஸை உதறி எறிந்தாள். அண்ணனின் முதுகை மனசில் வைத்துக்கொண்டு தொடையில் தட்டிப் பாடினாள். குழந்தை செருப்பைக் கடித்தது நினைவுக்கு வந்து, இரண்டாவது சரணத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தவில்லை, சிரித்துக்கொண்டே பாடினாள். ஒலிப்பதிவாளர் தலையாட்டினார். மஃப்ளர் விரலை உயர்த்தினார், இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை. நடுவில் போன் மறுபடியும் வந்தது. அவர் எடுத்து ஏதோ சொல்லிவிட்டு வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பாடுகிற அறைக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை.

"உங்க அண்ணனுக்கு அடிபட்டிருக்காம்மா. ஆஸ்பத்திரியில இருக்காராம். கீழ கார் நிக்குது, போ."

"எப்ப சார் சொன்னாங்க?"

"இப்பதான்."

லிஃப்ட் குழியில், மேலே கட்டியிருந்த பலகை முறிந்து நான்கு மாடி விழுந்திருந்தான். விழுந்தவுடன் உயிர் போகவில்லை. மதியம் வரை நினைவோடு இருந்துவிட்டு, அவள் வருவதற்குள் போய்விட்டான். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுங்காலோடு ஓடி வந்தபோது, அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"எங்கடி போயிருந்த?" என்றாள்.

"அண்ணி, இப்பதான் சொன்னாங்க. சொன்னதும் ஓடி வர்றேன்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வெகுகாலம் அவளை வாலு என்று அண்ணி கூப்பிடவில்லை.

அந்தப் பாட்டை வெளியிட வேண்டாம் என்று அவள் கம்பெனியில் கெஞ்சினாள். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. மஃப்ளரின் அறையில் கதவைச் சாத்திவிட்டு நேருக்கு நேர் கேட்டாள். "முதல் போன் வந்தப்பவே உங்களுக்குத் தெரியும். நான் பாத்தேன்." அவர் மறுக்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லா வந்துக்கிட்டிருந்துச்சும்மா. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு நெனச்சேன். லேசான அடின்னுதான் சொன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்?" அழுதார். அழுகிற ஆளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வயது இருபத்திரண்டு. எழுந்து வந்துவிட்டாள்.

செருப்புப் பாட்டு முதல் வாரம் முப்பத்தொன்றில் வந்தது. அடுத்த வாரம் பன்னிரண்டு. ஒரு மாதத்துக்குள் முதலிடம். அப்புறம் அது இறங்குவதாக இல்லை. பேருந்தில், சலூனில், சந்துக்குச் சந்து அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடி, ஆசிரியர்களிடம் அடி வாங்கினார்கள். மேடையை நோக்கிச் செருப்பு உயர்ந்தால் மற்ற பாடகிகளுக்கு அவமானம், இவளுக்கு மட்டும் அதுவே மாலை மரியாதை என்று பத்திரிகையில் ஒரு வேடிக்கைக்காரர் எழுதினார். எல்லோருக்கும் அந்தப் பாட்டில் பிடித்த இடம் ஒன்றுதான்: இரண்டாவது சரணத்தில் அவள் சிரிக்கிற இடம்.

அண்ணி வீட்டுக்கு எதிரே ஒரு கேசட் கடை. காலையில் கடை திறந்ததிலிருந்து அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போன பிறகு தனியே தங்கியிருந்த வாலு, ஒருநாள் அண்ணியைப் பார்க்கப் போனாள். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, வேர்த்து வழிய அண்ணி உள்ளே உட்கார்ந்திருந்தாள். அப்படியும் பாட்டு கேட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. அந்த ஆளு சொல்லல."

"ரெண்டு தடவை போன் பண்ணினேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லை அண்ணி..."

அந்தச் சமயம் பார்த்து வெளியே அந்த இடம் வந்தது. அண்ணி கையை உயர்த்தி, கேள் என்பது போல ஜன்னல் பக்கம் காட்டினாள். "அவர் செத்துக்கிட்டிருக்காரு. நீ சிரிக்கிற. கேக்குதா? ஊருக்கே கேக்குது." பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் அக்காவின் ஊருக்கே போய்விட்டாள்.

நீ ஏன் அந்த மனிதரோடு தொடர்ந்து வேலை செய்தாய் என்று பல வருடம் கழித்து அவளை ஒருத்தி கேட்டாள். ஒப்பந்தம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. "நான் வேணும்னு பண்ணலன்னு தெரிஞ்ச ஒரே ஆளு இந்த உலகத்துல அவருதான்" என்று அவள் சொன்னாள். அவரை அவளால் மன்னிக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

அடுத்த ஆல்பத்தில் மெதுவான பாட்டுகள் வேண்டும் என்று கேட்டாள். நன்றாகத்தான் பாடினாள். இசை தெரிந்தவர்கள் அவள் பாடியதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு இருபத்திரண்டு வரை வந்தது, மற்றவை வரிசையிலேயே இல்லை. "ஜனங்க உங்கிட்ட சந்தோஷத்தைத்தாம்மா கேக்குறாங்க. அழறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்றார் மஃப்ளர். மேடை ஏறினால் மூன்றாவது பாட்டுக்குள் கூட்டம் செருப்பைக் கழற்றிவிடும். பாடினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள். நிஜச் சிரிப்பு வராததால் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டாள். மூச்சை எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது என்று எல்லாம் பாடமாகிவிட்டது. பாடும்போது தொடையில் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஒரு தொலைக்காட்சி நேரலையில் அவளை அழைத்திருந்தார்கள். தொகுப்பாளர் இளைஞர், பளபளவென்று கோட்டுப் போட்டவர். அவளுடைய பதிவு நாளைப் பற்றி எல்லோரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"அந்தச் சிரிப்பு இருக்கே மேடம், அவ்வளவு சந்தோஷம் அன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

வழக்கமாக ஒரு பொய் வைத்திருந்தாள். அன்று அது வாயில் வரவில்லை.

"அந்த நேரத்துலதான் எங்க அண்ணன் செத்துக்கிட்டிருந்தாரு. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல."

தொகுப்பாளரின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. விளம்பரம் போட்டார்கள்.

மனசில் இருந்ததைக் கொட்டியாயிற்று, இனி அந்தப் பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். நடந்தது வேறு. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கேசட் கடைகளில் மறுபடியும் கூட்டம். வரிசையிலிருந்து எப்போதோ போய்விட்ட பாட்டு ஆறாம் இடத்தில் திரும்பி வந்தது. கம்பெனி எங்கிருந்தோ ஒரு பழைய படத்தைப் பிடித்து, கிதாரோடு அண்ணன் நிற்கிற புது உறை அச்சடித்தது. தன் மூஞ்சியைப் போட்டால் எவன் வாங்குவான் என்று சொன்னவனின் முகத்தைப் போட்டு லட்சக்கணக்கில் விற்றார்கள். யார் சொல்லாமல் விட்டது என்று மஃப்ளரிடம் நிருபர்கள் கேட்டபோது, தகவல் பதிவு முடிந்த பிறகுதான் வந்தது என்றார். பாவம், துக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு நேரம் குழம்பிப் போயிருக்கும் என்றார்.

அண்ணியிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"அவர் சாவையும் வித்துட்டியா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அதோடு வாலு பாடுவதை நிறுத்தினாள். அறிவிப்பு, கடைசிக் கச்சேரி என்று எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஆல்பத்துக்காகக் கம்பெனி ஆள்விட்டுப் பார்த்தது. அவள் ஸ்டுடியோவுக்குப் போய் மைக் முன்னால் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்படி நின்றாள். மூன்றாம் நாள் அவர்களே போ என்றார்கள்.

பிறகு வெகுகாலம் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்தாள். முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடி போட்டுக்கொண்ட அந்தப் பெண்ணை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பல்வலியோடு வருகிறவன் எதிரே ராஜகுமாரியே உட்கார்ந்திருந்தாலும் பார்க்க மாட்டான் என்று அவளே சொல்வாள். டாக்டரம்மா நல்லவர். ஊசி போடும் முன் பயப்படுகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேச இவளைத்தான் கூப்பிடுவார். கல்யாணத்துக்கு ஒருவர் கேட்டார், ஒரு வருடம்போலப் பழகிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். மஃப்ளர் இறந்த செய்தியை வரவேற்பறையில் கிடந்த நாளிதழில்தான் படித்தாள். அதை மடித்து வைத்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பினாள்.

கடைவாய்ப் பல் வீங்கி ஒரு பக்கக் கன்னம் இட்டிலியைப் போல உப்பியிருக்க, ஓர் இளம்பெண் ஒருநாள் வந்தாள். வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பெயரைக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறக்க முடியாமல் திறந்து, "அத்தே?" என்றாள்.

செருப்பைக் கடித்த குழந்தை. தாடை அப்படியே அண்ணனுடையது, வீங்கிய பக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்.

அத்தையின் படம் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கிறது என்றாள். அதை எடுத்து வெளியே மாட்டவும் மாட்டாளாம், தூக்கிப் போடவும் மாட்டாளாம். இப்போது அம்மாவும் தன்னோடுதான் இருக்கிறாள், முன்போல நடமாட்டம் இல்லை. "வந்துட்டுப் போங்களேன் அத்தை. திட்டினா நான் பாத்துக்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாலு எதிரே உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை, ஓரம் ஓரத்தோடு பிசகாமல் சேர்ந்தது. கூடையில் பாதி குறைந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அண்ணி. "அன்னைக்கு ஸ்டுடியோவுலேருந்து எப்ப கிளம்பின?"

"அவர் சொன்ன உடனே அண்ணி. காருல ஏறி நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன்."

"முதல் தடவை போன் பண்ணினப்போ, பொழைக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாரு, உடனே அனுப்புங்கன்னு அந்த ஆளுகிட்டச் சொன்னேன். இதோ அனுப்பறேன்னான். ரெண்டாவது தடவை பண்ணினப்போ, அவ அப்பவே கிளம்பிட்டாளேன்னு சொன்னான்."

வாலு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். லேசான அடி என்று மேஜையைப் பார்த்துக்கொண்டு அழுத அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். இத்தனை வருடமும் அதில் பாதியை அவள் நம்பியிருந்தாள்.

"கிளம்பிட்டேன்னா சொன்னாரு?"

"கிளம்பி ரொம்ப நேரமாச்சுன்னான். அப்புறமும் எவ்வளவு நேரம் பாத்தேன். நீ வரவே இல்லை. கடைசியில வந்து, இப்பதான் சொன்னாங்கன்னு எங்கிட்டயே சொல்ற. நீதான் அவனை அப்படிச் சொல்லச் சொல்லிட்டு உள்ள பாடிக்கிட்டிருந்தேன்னு நெனச்சேன்." அண்ணியின் குரல் இறங்கியது. "இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சேன்."

"ஏன் அண்ணி அன்னைக்கே கேக்கல?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

வெளியே யாரோ படியேறிப் போகிற சத்தம் கேட்டது. வாலு அழவில்லை, அண்ணிதான் அழுதாள். வாலு எழுந்து போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன். கிளம்பிட்டாளாம்னு சொன்னேன். சரி வரட்டும்னாரு. ரோட்டுல கூட்டமா இருக்கும், நீ அவளைத் திட்டாதேன்னாரு. அப்புறம் அவ்வளவா பேசல. கதவைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஆனா பதற்றம் இல்லை வாலு. வர்றான்னு நம்பிக்கிட்டுதான் இருந்தாரு."

நீண்ட நாளைக்குப் பிறகு அந்தப் பெயர் அண்ணியின் வாயிலிருந்து வந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. அவன் நம்பிக்கொண்டிருந்தான் என்பது ஆறுதலா, இல்லை அதற்கு மேலும் தாங்க முடியாத ஒன்றா என்று வாலுவுக்குப் புரியவில்லை. அன்றும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போனாள். அண்ணிக்குத் தலை வாரிவிடுவாள், காய் நறுக்கித் தருவாள். வேலை முடிந்து உட்கார்ந்ததும், "வேற என்ன சொன்னாரு அண்ணி?" என்பாள். அண்ணி யோசித்து எடுத்துத் தருவாள். தண்ணீர் கேட்டான், கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்தான். விழுந்தது தன் தப்பில்லை, பலகைதான் மட்டம் என்று கட்டட மேனேஜரிடம் சொல்லச் சொன்னான். நர்ஸின் மூக்குத்தி நன்றாக இருக்கிறது என்று அந்த நிலையிலும் சொன்னான், அதற்கு அண்ணி முறைத்தாள். அதைச் சொன்ன அன்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அண்ணன் மகள் எட்டிப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலக் கேட்டாள். அண்ணி ரொம்ப நேரம் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அவ்வளவுதான்டி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

வாலு சரி என்றாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பாலைச் சுட வைத்தாள். அண்ணிக்குச் சர்க்கரை பாதிதான் போட வேண்டும்.